அரியர் விழுந்த ராத்திரி: மனசின் பிரஷர் எப்படி ஏறுகிறது, எப்படி இறங்குகிறது?

துவரம்பருப்பு குக்கரில் எப்படி வேகிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். அடியில் தீ, உள்ளே தண்ணீர். தண்ணீர் கொதித்து ஆவியாகிறது. மூடியின் விளிம்பில் இருக்கும் ரப்பர் கேஸ்கட் அந்த ஆவியை வெளியே விடாமல் பிடித்துக்கொள்கிறது. அதனால் உள்ளே அழுத்தம் கூடுகிறது. திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியோடு நின்றுவிடும் தண்ணீர், இங்கே ஏறக்குறைய 120 டிகிரி வரை சூடேறுகிறது. அந்தச் சூட்டில்தான் பருப்பு சட்டென்று குழைகிறது. அழுத்தம் அளவைத் தாண்டினால் மேலே இருக்கும் வெயிட் மேலெழும்பி, கொஞ்சம் ஆவியை வெளியே தள்ளிவிட்டு, மறுபடி உட்கார்ந்துகொள்கிறது. அதுதான் விசில். விசில் வரும் குழாயே அடைத்துக்கொண்டால்? அதற்காக மூடியில் சின்னதாக ஒரு சேஃப்டி வால்வு. அவ்வளவுதான் குக்கர்.

கல்லூரிப் பிள்ளைகளின் மனம் நெருக்கடியில் எப்படி இயங்குகிறது, நண்பர்களும் வீட்டாரும் ஆசிரியர்களும் தரும் ஆதரவு அதில் எந்த இடத்தில் போய் வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இந்தக் குக்கர் ஒன்று போதும். ஒவ்வொரு பகுதியாகக் கழற்றிப் பார்க்கலாம்.

ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். துறையூர்ப் பக்கம் ஒரு கிராமம். வீட்டில் முதல் பட்டதாரி. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. சென்னையில் ஒரு பொறியியல் கல்லூரி, அங்கேயே ஹாஸ்டல். முதல் செமஸ்டர் ரிசல்ட் சாயங்காலம் வருகிறது. கணக்குப் பாடம் போய்விட்டது. பள்ளியில் கணக்கில்தான் அவள் முதல் மார்க். செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கட்டிலில் போர்வையை இழுத்து மூடிப் படுத்துக்கொள்கிறாள். மெஸ்ஸுக்குப் போகவில்லை. இப்படிப்பட்ட பிள்ளைகள் நம் ஊர் விடுதிகளில் ஒவ்வொரு ரிசல்ட் அன்றும் இருக்கிறார்கள்.

முதலில் தீ. அரியர் மட்டும்தான் தீ என்று நினைத்துவிடக் கூடாது. ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பு, வட்டிக்கு வாங்கிக் கட்டிய ஃபீஸ், வீட்டை விட்டு முதல் தடவையாகப் பிரிந்திருப்பது, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்க அலைவது என்று பர்னர் ஏற்கெனவே எரிந்துகொண்டுதான் இருந்தது. ரிசல்ட் அதை முழுசாகத் திருப்பிவிட்டது. தீயே வேண்டாம் என்றும் சொல்வதற்கில்லை, தீ இல்லாமல் பருப்பு வேகாது. பரீட்சை பயம் கொஞ்சமும் இல்லாதவர்கள் புத்தகத்தைத் தொடுவதும் அபூர்வம்.

அடுத்தது தண்ணீர். எனக்கு இந்தப் பகுதிதான் எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. ஏனென்றால் வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் தீயை மட்டும் பார்த்துவிட்டு, ‘ஒரு அரியருக்கா இவ்வளவு அழுகை?’ என்று கேட்டுவிடுகிறார்கள். ஒரே அளவு தீயில் இரண்டு குக்கரை வையுங்கள். ஒன்றில் போதுமான தண்ணீர், இன்னொன்றில் அரை டம்ளர். முதலாவது பதமாக வேகும், இரண்டாவது அடிபிடிக்கும். குறை தீயில் இல்லையே.

ரிச்சர்ட் லாசரஸ், சூசன் ஃபோக்மன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1984-இல் எழுதிய புத்தகத்தில் இதைத்தான் விளக்கினார்கள். ஒரு கஷ்டம் வந்ததும் மனம் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்கிறது. ‘இது எனக்கு ஆபத்தா?’ என்பது ஒன்று. ‘இதைச் சமாளிக்க என் கையில் என்ன இருக்கிறது?’ என்பது இன்னொன்று. இரண்டு பதிலையும் சேர்த்துப் பார்த்துத்தான் எவ்வளவு பதற வேண்டும் என்று மனம் முடிவு செய்கிறது. துறையூர்ப் பெண்ணுக்கு முதல் கேள்விக்குப் பதில்: ‘ஆபத்துதான். படிப்பே போய்விடும்.’ இரண்டாவது கேள்விக்கு: ‘ஒன்றும் இல்லை. யாரும் இல்லை.’ அவளுடைய வகுப்பிலேயே அதே பாடத்தில் அரியர் விழுந்த இன்னொருத்திக்கு அண்ணன் பொறியியல் படித்தவன். அவனுக்கே மூன்று அரியர் இருந்து, எழுதி முடித்து வேலைக்கும் போய்விட்டான். அந்தப் பெண்ணுக்கும் வருத்தம்தான். ஆனால் மெஸ்ஸுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டாள்.

கவனியுங்கள், அந்த அண்ணன் அன்றைக்கு போன்கூடப் பண்ணவில்லை. அவன் இருக்கிறான் என்ற நினைப்பே போதுமாக இருந்தது. ஆதரவு வேலை செய்யும் விதத்தில் இதுதான் விசேஷம். ஷெல்டன் கோஹனும் தாமஸ் வில்ஸும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி 1985-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ‘தேவைப்பட்டால் எனக்கு ஆள் இருக்கிறது’ என்ற நம்பிக்கை உள்ளவர்களை நெருக்கடி அவ்வளவு கடுமையாகத் தாக்குவதில்லை என்று அதில் காட்டினார்கள். தண்ணீர் தீயை அணைப்பதில்லை. தீ அடியைக் கருக்காமல் பார்த்துக்கொள்கிறது. அதையும் தீ பற்றவைத்த பிறகு ஊற்ற முடியாது, முன்னாலேயே ஊற்றி வைத்திருக்க வேண்டும்.

அதனால்தான் இந்தத் துறையில் நிறையப் பேர் பயன்படுத்தும் ஓர் அளவுகோல், ‘எத்தனை பேர் உனக்கு உதவினார்கள்?’ என்று கேட்பதில்லை. 1988-இல் வந்த அந்தக் கேள்வித்தாளில் மொத்தம் 12 வாக்கியங்கள்தான். குடும்பத்துக்கு நான்கு, நண்பர்களுக்கு நான்கு, மனசுக்கு நெருக்கமான ஒரு ஆளுக்கு நான்கு. என் கஷ்டத்தைக் குடும்பத்தில் பேச முடிகிறதா, காரியம் கெட்டுப்போகும் நேரத்தில் நண்பர்களை நம்பலாமா என்கிற மாதிரி கேட்டு, நீங்கள் எவ்வளவு தூரம் ஒத்துப்போகிறீர்கள் என்று ஒன்று முதல் ஏழு வரை மார்க் போடச் சொல்வார்கள். அளப்பது ஆட்களின் எண்ணிக்கையை அல்ல, பாத்திரத்தில் தண்ணீர் இருக்கிறது என்ற நம்பிக்கையை.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சில விடுதிகளில் ஒழுக்கம் என்ற பெயரில் ராத்திரி செல்போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், அறை விட்டு அறை போகக் கூடாது என்கிறார்கள். பிள்ளைகள் படிக்க வேண்டும் என்ற அக்கறையில்தான் செய்கிறார்கள். ஆனால் அம்மாவிடம் பேச முடியாத, பக்கத்து அறை அக்காவிடம் போக முடியாத ராத்திரி என்பது தண்ணீரை வடித்துவிட்டுத் தீயை எரியவிடுவது. பரீட்சை மாதத்திலாவது இந்த விதியைத் தளர்த்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, தீயும் தண்ணீரும் பார்த்தாயிற்று. இனி ஆவி. ‘ஆபத்து’ என்று மனம் முடிவு செய்ததும் உடம்பு வேலையைத் தொடங்கிவிடுகிறது. மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதாலமஸ் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்கிறது. அது சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்குச் சொல்கிறது. அட்ரினல் கார்டிசாலை இரத்தத்தில் விடுகிறது. நெஞ்சு படபடக்கிறது, வயிறு கட்டிக்கொள்கிறது, தூக்கம் போகிறது. ரிசல்ட் பார்த்த பெண்ணுக்குப் பசிக்காமல் போனது அடம் இல்லை, அது உடம்பு எடுத்த முடிவு.

இந்த ஆவியைக் கூட்டாளி ஒருவர் குறைக்க முடியுமா? முடியும் என்று அளந்தே காட்டியிருக்கிறார்கள். முன்பின் தெரியாத தேர்வாளர்களுக்கு முன்னால் நின்று பேசவும், சத்தமாக மனக்கணக்குப் போடவும் சொல்லும் ஒரு சோதனை உண்டு. வைவா நடத்துவது போலத்தான். 2003-இல் வெளியான ஓர் ஆய்வில் ஜூரிக் பல்கலைக்கழகத்தார் 37 இளைஞர்களை இதற்கு உட்படுத்தினார்கள். சிலர் தயாராகும் நேரத்தில் அவர்களுடைய உயிர் நண்பனைப் பக்கத்தில் இருக்க விட்டார்கள். நண்பன் கூட இருந்தவர்களுக்குக் கார்டிசால் குறைவாக ஏறியது. பரீட்சை ஹாலுக்கு வெளியே தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்களே, அந்தத் துணைக்கு உடம்பில் அளவிடக்கூடிய விளைவு இருக்கிறது.

இதன் மறுபக்கமும் தெரிந்ததுதான். ஒஹையோவில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் குழுவினர் 75 முதலாண்டு மருத்துவ மாணவர்களின் இரத்தத்தைத் தேர்வுக்கு ஒரு மாதம் முன்பும் தேர்வு நேரத்திலும் எடுத்துப் பார்த்து 1984-இல் எழுதினார்கள். நோய்க் கிருமி புகுந்த அணுக்களை அழிக்கும் ஒருவகை வெள்ளணுக்களின் வேலைத்திறன் தேர்வு நேரத்தில் குறைந்திருந்தது. தனிமையை அதிகம் உணர்ந்த மாணவர்களுக்கு அது இன்னும் குறைவு. செமஸ்டர் நேரத்தில் விடுதி முழுக்க ஏன் இருமலும் காய்ச்சலுமாக இருக்கிறது என்று வார்டன்கள் வியப்பார்கள். காரணத்தில் ஒரு பங்கு இங்கே இருக்கலாம்.

ஆவியை உள்ளே பிடித்துவைப்பது கேஸ்கட். முகத்தில் காட்டாமல் அடக்கிக்கொள்வது என்கிறோமே, அது. இதுவும் தேவையான பகுதிதான். கேஸ்கட் இல்லாமல் சமைக்க முடியாது. பரீட்சை எழுதும் மூன்று மணி நேரம் அழுகையை அடக்கத்தான் வேண்டும். பிரச்சினை எப்போது வருகிறது என்றால், எல்லா நேரமும் எல்லாரிடமும் மூடியே இருப்பதை ஒரு பழக்கமாக்கிக்கொள்ளும்போது. கல்லூரியில் புதிதாகச் சேரும் மாணவர்களைச் சேர்வதற்கு முன்பிருந்தே பின்தொடர்ந்த ஓர் அமெரிக்க ஆய்வு 2009-இல் வெளியானது. உணர்ச்சியை அடக்கிக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்களுக்கு முதல் பருவத்தின் முடிவில் ஆதரவும் குறைவு, நெருக்கமான நட்பும் குறைவு என்று அதில் தெரியவந்தது. யோசித்தால் ஆச்சரியம் இல்லை. ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்று தினமும் சொல்கிற பெண்ணிடம் போய் யார் ‘என்ன ஆச்சு?’ என்று கேட்பார்கள்? அடக்கம் தண்ணீரையும் சேர்த்தே வற்றவைத்துவிடுகிறது.

அப்படியென்றால் பேசிவிடலாமே? பேசத்தான் வேண்டும். ஆனால் பழைய குக்கர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். வெயிட் போடுவதற்கு முன்னால் மூடியைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, அந்தக் குழாயின் ஓட்டையில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். பருப்புத் தோல் ஒன்று சிக்கியிருந்தால் போதும், ஆவி போக வழியில்லை. ஊசி விட்டுக் குத்தி எடுப்பார்கள். நம் பிள்ளைகளின் குழாயில் என்னென்ன அடைத்துக்கொண்டிருக்கின்றன என்பதைத்தான் நாம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

துறையூர்ப் பெண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். அவள் அம்மாவிடம் சொல்லாததற்குக் காரணம் அம்மா திட்டுவார் என்பதல்ல. அம்மா திட்ட மாட்டார், அழுவார். அதுதான் பயம். ‘அவங்களே களை எடுத்து கஷ்டப்பட்டு அனுப்பறாங்க, நான் இதையும் சொல்லணுமா?’ இது ஒரு தோல். அப்பாவுக்குத் தெரிந்தால், ‘போதும் படிச்சது, ஊருக்கு வா, மாப்பிள்ளை பாக்கலாம்’ என்று சொல்லிவிடுவாரோ என்பது இன்னொரு தோல். இது ஆண் பிள்ளைகளுக்கு அவ்வளவாக இல்லாத பயம். ஆண் பிள்ளைகளுக்கு வேறு தோல் இருக்கிறது: ‘ஆம்பளப் பையன் இதுக்குப் போய் அழுவானா?’ ரூம்மேட்டிடம் சொல்லலாம் என்றால், அவளுக்கு எல்லாம் பாஸ். ‘அவ சந்தோஷத்த ஏன் கெடுக்கணும்?’ வகுப்பு ஆசிரியரிடம் சொன்னால் எல்லார் முன்னாலும் பெயரைச் சொல்லிக் கேட்டுவிடுவாரோ? கவுன்சிலரிடம் போகலாம் என்றால் அவர் அறை எச்.ஓ.டி. அறைக்குப் பக்கத்தில், யார் போகிறார்கள் வருகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். இப்படி ஒவ்வொரு தோலும் சின்னதுதான். எல்லாம் சேர்ந்து குழாயை அடைத்துவிடுகின்றன. ஆதரவு இல்லாமல் இல்லை. அதுவரை போக வழி இல்லை. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெற்றோரும் கல்லூரிகளும் புரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்தது.

இந்த அடைப்பை எடுக்கும் ஊசி பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லி வைத்த ஒரு வாக்கியம். பிள்ளையை ஹாஸ்டலில் விடப் போகும் அன்றே, ‘அரியர் விழுந்தாலும் நீ படிச்சு முடிப்ப தங்கம், அதுக்காக உன்ன யாரும் திருப்பிக் கூப்பிட மாட்டோம், எதுனாலும் எங்கிட்ட சொல்லு’ என்று அப்பா வாயால் ஒரு தடவை சொல்லிவிட்டால் இரண்டு பெரிய தோல்கள் போய்விடும். ரிசல்ட் வந்த பிறகு சொல்வதைவிட முன்பே சொல்வதற்குத்தான் பலம் அதிகம்.

குழாய் சுத்தமாக இருந்தால் விசில் தானாக வரும். நம் மாணவிக்கு அது ராத்திரி பத்தரைக்கு வந்தது என்று வைத்துக்கொள்வோம். ரூம்மேட் லைட்டை அணைத்துவிட்டு, மெஸ்ஸிலிருந்து எடுத்துவந்த இரண்டு சப்பாத்தியை டிபன் பாக்ஸோடு கட்டில் ஓரத்தில் வைத்தாள். ‘சாப்பிடு’ என்றுகூடச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இருட்டில் குரல் வந்தது. ‘ஏய், எனக்கு மேத்ஸ் போயிடுச்சுடி.’ ‘ம்.’ ‘அசிங்கமா இருக்கு. பயமாவும் இருக்கு.’ ‘ம். சொல்லு.’

அந்த ‘அசிங்கமா இருக்கு, பயமாவும் இருக்கு’ என்ற இரண்டு சொல்லில் நிறைய நடக்கிறது. கலிஃபோர்னியாவில் மாத்யூ லீபர்மன் குழுவினர் கோபமும் பயமும் தெரியும் முகப்படங்களைக் காட்டி, அந்த உணர்ச்சிக்குப் பெயர் வைக்கச் சொல்லி, மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். 2007-இல் வெளியானது. பெயர் வைத்தபோது பயத்தை எழுப்பும் அமிக்டலா அடங்கியது, நிதானத்துக்கு உதவும் முன்மூளைப் பகுதி ஒன்று சுறுசுறுப்பானது. ‘என்னமோ மாதிரி இருக்கு’ என்று விட்டுவிடாமல் ‘பயமா இருக்கு’ என்று சொன்னால் வெயிட் கொஞ்சம் மேலெழும்புகிறது.

கேட்க ஆளே இல்லாத ராத்திரிக்கு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. டெக்சாஸில் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள், தினம் 15 நிமிடம், மனசை வதைத்த ஒரு விஷயத்தை எழுதச் சொன்னார். நடந்ததையும் அதைப் பற்றிய உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்களுக்கு எழுதிய உடனே மனசு இன்னும் கனத்தது. ஆனால் அடுத்து வந்த மாதங்களில் அவர்கள் கல்லூரி மருத்துவமனைக்குப் போவது குறைந்தது. எழுதியதை யாரிடமும் காட்டத் தேவையில்லை. கிழித்துப் போட்டுவிடலாம்.

விசில் வரட்டும் என்று காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் கரண்டிக்காம்பால் வெயிட்டைத் தூக்கிவிடுவார்கள். புஸ்ஸென்று ஆவியோடு பருப்புத் தண்ணீரும் சேர்ந்து அடுப்பெல்லாம் தெறிக்கும். ‘இப்ப சொல்றியா இல்லையா? எனக்குத் தெரிஞ்சாகணும்’ என்று போனில் கத்துவது அதுதான். பிள்ளை அந்த நேரத்துக்கு ஏதாவது சொல்லிவிடும். அடுத்த தடவை போனையே எடுக்காது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. விசில் விட்டு விட்டு வருவதற்குப் பதிலாகத் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தால் தண்ணீர் வற்றும். இரண்டு தோழிகள் ராத்திரி ஒரு மணி வரை அதே அரியரை, அதே ஆசிரியரை, அதே ‘இனி என்ன ஆகுமோ’வைத் திருப்பித் திருப்பிப் பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். அமண்டா ரோஸ் 2002-இல் பள்ளி வயதுப் பிள்ளைகளிடம் இதை ஆராய்ந்தார். இப்படிச் சேர்ந்து மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளும் நட்பில் நெருக்கம் கூடியிருந்தது, கூடவே சோர்வும் பதற்றமும் கூடியிருந்தன. கல்லூரி வாட்ஸ்அப் குழுக்களில் ரிசல்ட் ராத்திரி நடப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. எனவே நல்ல தோழி ஒரு கட்டத்தில், ‘சரி வா, கீழ போய் ஒரு டீ குடிச்சிட்டு வரலாம்’ என்கிறாள். அதுவும் ஆதரவுதான். அடுப்பை சிம்மில் வைப்பது.

விசில் வந்து முடிந்ததும் உடனே மூடியைத் திறக்க வருமா? வராது. பிரஷர் அடங்க வேண்டும். திறக்கவேண்டும் என்று பலவந்தமாகத் திருகினால் கையைச் சுட்டுக்கொள்வோம். இந்த ஒரு விஷயத்தில்தான் அன்பான மனிதர்கள் மிக அதிகமாகத் தவறுகிறார்கள். பிள்ளை அழுதுகொண்டிருக்கும்போதே, ‘டியூஷன் வச்சுக்கோ, காலையில் நாலு மணிக்கு எழுந்திரு, போனைத் தொடாதே’ என்று யோசனைகளை அடுக்குகிறார்கள். எல்லாம் நல்ல யோசனைகள்தான். ஆனால் மூடி இன்னும் பூட்டியிருக்கிறது, ஒன்றும் உள்ளே போகாது.

லாசரஸும் ஃபோக்மனும் சமாளிப்பை இரண்டு வகையாகப் பிரித்தது இங்கே உதவுகிறது. ஒன்று மனசை ஆற்றுவது, இன்னொன்று பிரச்சினையைத் தீர்ப்பது. இரண்டும் வேண்டும். கொதிநிலையில் இருப்பவருக்கு முதலில் ஆறுதல், பிறகு வழி. இதே முறையில் ஆதரவையும் வகைப்படுத்தலாம். ஜேம்ஸ் ஹவுஸ் என்ற ஆய்வாளர் 1981-இலேயே நான்காகப் பிரித்திருக்கிறார்: அன்பு காட்டுவது, கையால் செய்து கொடுப்பது, தகவல் சொல்வது, ‘நீ போகிற வழி சரிதான்’ என்று எடைபோட்டுச் சொல்வது. ஒரே ஆளிடம் நான்கும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது வீண். அம்மாவிடம் முதலாவது நிறைய இருக்கும், மூன்றாவது இருக்காது. அவர் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அது அவர் குறை அல்ல.

மூன்றாவது யாரிடம் இருக்கிறது? மூன்றாம் ஆண்டு அக்காவிடம். மறுநாள் காலையில், பிரஷர் அடங்கிய பிறகு, ரூம்மேட் அவளை அந்த அக்காவிடம் கூட்டிப்போகிறாள். ‘மொதல்ல ஆன்சர் பேப்பர் போட்டோகாப்பிக்கு அப்ளை பண்ணு. வந்ததும் சார்கிட்ட காட்டு. மார்க் ஏறும்னு அவர் சொன்னா ரீவேல்யுவேஷன் போடு. கடைசி தேதிய மட்டும் விட்றாத. இல்லன்னா அடுத்த செமஸ்டர்ல எழுதிடலாம். வேலைக்கு எடுக்க வர்ற கம்பெனிங்க பல பேர், நாம சேர்ற நேரத்துல அரியர் நிலுவையில இருக்கக் கூடாதுன்னுதான் பாப்பாங்க.’ இரண்டே நிமிடப் பேச்சு. முந்தின ராத்திரி ‘படிப்பே போய்விடும்’ என்று பட்ட விஷயம் இப்போது ஒரு விண்ணப்பம், ஒரு தேதி, ஒரு ஆசிரியர் என்று சின்னச் சின்ன வேலைகளாகிவிட்டது. முதல் தலைமுறையாகப் படிக்க வருகிற பிள்ளைகளுக்குக் கிடைக்காமல் போவது பெரும்பாலும் இந்தத் தகவல்தான். படித்த வீட்டில் அது சாப்பாட்டு வேளையில் தானாகக் காதில் விழுகிறது. ஒவ்வொரு கல்லூரியும் ரிசல்ட் வருவதற்கு முன்பே, ‘அரியர் விழுந்தால் செய்ய வேண்டியவை’ என்று ஒரு பக்கத்தைத் தமிழில் அச்சடித்துக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

அந்த டிபன் பாக்ஸ் சப்பாத்திக்கு ஒரு நிமிடம் திரும்ப வேண்டும். நியால் போல்கரும் கூட்டாளிகளும் 2000-இல் ஒரு சுவாரசியமான ஆய்வு வெளியிட்டார்கள். நியூயார்க்கில் வழக்கறிஞர் ஆவதற்கான கடுமையான தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர்களையும் அவர்களுடைய துணைவர்களையும் தினமும் தனித்தனியே குறிப்பு எழுதச் சொன்னார்கள். துணைவர், ‘உதவினேன்’ என்று எழுதி, படிக்கிறவர் அதைக் கவனிக்காமலே இருந்த நாட்களில்தான் மனச்சோர்வு குறைந்தது. ‘எனக்கு உதவி செய்தார்கள்’ என்று அவர் உணர்ந்த நாட்களில் அந்த அளவு பலன் இல்லை. உதவி கண்ணுக்குத் தெரிந்தால் ‘என்னால் முடியவில்லை, அதனால் உதவுகிறார்கள்’ என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது போலும். ரூம்மேட் ஒன்றும் சொல்லாமல் டிபன் பாக்ஸை வைத்தது அதனால்தான் அவ்வளவு நன்றாக வேலை செய்தது.

கடைசியாக சேஃப்டி வால்வு. அதற்குள் சீக்கிரம் உருகும் உலோகக் கலவை இருக்கும். தண்ணீர் வற்றிச் சூடு எல்லை மீறினால் அது உருகி ஆவிக்கு வழி விடும். ஒரு தடவை உருகினால் வீட்டில் ஒட்டவைக்க முடியாது. கடைக்குப் போய்த்தான் மாற்ற வேண்டும். நட்பும் குடும்பமும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அவற்றால் முடியாத கட்டம் என்று ஒன்று உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் சோர்வு, எதிலும் பிடிப்பில்லை, தூக்கமும் பசியும் கெட்டுவிட்டன, வகுப்புக்கே போவதில்லை, ‘நான் இல்லாமல் இருந்தால் நல்லது’ என்ற பேச்சு. இவற்றைக் கண்டால் தோழியாலும் அம்மாவாலும் மட்டும் ஆகாது. அந்தக் கடைசிப் பேச்சு வந்துவிட்டால் இரண்டு வாரம் எண்ணிக்கொண்டிருக்கவும் கூடாது, அன்றே ஆள் தேட வேண்டும். ‘செத்துப்போகணும்னு தோணுதா?’ என்று நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை என்பது மனநல மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் விஷயம். கேட்பதே பல பேருக்கு ஒரு விடுதலை.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மாணவர் மனநலம் பற்றி வழிகாட்டு நெறிகள் தந்தது. 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனம் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரையாவது வைத்திருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. எனவே ‘எங்கள் கல்லூரியில் கவுன்சிலர் யார், எந்த நேரத்தில் பார்க்கலாம்?’ என்று கேட்பது சலுகை கேட்பதாகாது. கல்லூரிக்குள் யாரையும் பார்க்கத் தயக்கமென்றால் 14416 என்ற டெலி-மானஸ் எண் இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கியது. 24 மணி நேரமும் இயங்குகிறது, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். போன் செய்தவுடன் என்ன சொல்வது என்று தெரியவில்லை என்றால், ‘நான் காலேஜ்ல படிக்கிறேன், ரெண்டு வாரமா தூக்கம் வரல’ என்று ஆரம்பித்தால் போதும், மீதியை அவர்கள் கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

மருத்துவரிடம் முதல் தடவை போகும்போது தூக்கம், பசி, படிப்பு, எப்போதிலிருந்து இப்படி, வீட்டில் வேறு யாருக்காவது இருந்ததா என்றுதான் பெரும்பாலும் கேட்பார்கள். போன உடனே மாத்திரை எழுதியாக வேண்டும் என்றில்லை, பேச்சு சிகிச்சையே பலருக்குப் போதும். மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தால் அது வேலை செய்வது தெரியச் சில வாரங்கள் ஆகும். முதல் வாரத்திலேயே ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று நிறுத்திவிடக் கூடாது, எப்போது நிறுத்துவது என்பதையும் மருத்துவரே சொல்ல வேண்டும். அந்த வாரங்களில் கூட இருக்கும் தோழிக்கு உள்ள வேலை, மாத்திரை நேரத்தை நினைவுபடுத்துவதும் அடுத்த சந்திப்புத் தேதிக்கு அவளோடு பஸ் ஏறுவதும்தான்.